என் அண்ணன் கல்யாணத்தில் நான் தெளித்த பன்னீர்

என் வயதுக்காரிகளே, சின்ன வயதில் உங்களில் யாரையாவது பல் விழுந்ததைக் காரணம் காட்டி ஒதுக்கி வைத்ததுண்டா? என்னை வைத்தார்கள். அறுபது வருசம் ஆகப்போகிறது. "இன்னுமா அதை நெனச்சுட்டு இருக்கறீங்?" என்று என் மருமகள் சிரிக்கிறாள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. யாராவது பேர் கேட்டாலே சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறவள். படிப்பும் அஞ்சாங்கிளாஸ்தான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் அய்யன் திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறையில் வேலை செய்தார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் சொல்வோம். ஊரில் பங்கு பிரித்தபோது கிணறு பெரியப்பா பக்கம் போய்விட்டது. எங்களுக்கு வந்தது கிணறு இல்லாத மேட்டுக்காடு. நாலு வருசம் மழை ஏமாற்றியதும் அய்யன் அம்மாவையும் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்துவிட்டார்.

பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போது வெள்ளையாக இருக்காது. வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதைக் கொப்பரையில் வேகவைத்து, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, நொய்யலில் அலசி, காட்டில் விரித்துக் காயவைப்பார்கள். அன்றைக்கு நொய்யலில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் ஆடு மாடு துணிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெயிலில் அந்த வெள்ளையையே பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படியெல்லாம் பச்சைப் பச்சையாகத் தெரியும்.

அய்யனின் விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும். ரசம் பட்டால் எரியும் என்று கரண்டியில்தான் சாப்பிடுவார். அவர் மேல் எந்நேரமும் பவுடர் நெடி அடிக்கும். எனக்கு அது அய்யன் வாசனை. பெரியப்பாவின் மனைவிக்கு, எங்கள் பெரியம்மாளுக்கு, அது நாற்றம். ஊரிலிருந்து வந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஏம்புள்ள, இந்த நாத்தத்துல எப்படித்தான் சோறு எறங்குது உங்களுக்கு?" என்பாள். அம்மா, "பழகிப்போச்சுங்க்கா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியம்மாளுக்கு மரியாதை போட்டு எழுத என் கைக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் என்னைவிட பதினாலு வயது மூத்தவர். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. சுருட்டை முடி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு, கையகலக் கண்ணாடி. அவருக்குப் பெண் பார்த்தது பெரியப்பாதான். மாட்டுச் சந்தையில் பேசி முடித்த சம்பந்தம். தாராபுரம் தாண்டி ஆற்றோரத் தோட்டம், பெரிய இடம். "கெணத்தை எடுத்துக்கிட்டது மனசுல உறுத்தியிருக்கும், அதான் நல்ல எடமாப் பாத்திருக்கறாங்க" என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு எல்லாரும் நல்லவர்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் புதுச்சேலை கட்டி அவர் பக்கத்தில் வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவர் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். இனி அவர் வீட்டில் நல்லது எது நடந்தாலும் முதல் அழைப்பும் முதல் மரியாதையும் அவளுக்குத்தான். ஊர் பார்க்க, "இவள் என் கூடப்பிறந்தவள்" என்று ஒரு அண்ணன் சொல்லும் இடம் அது. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு நான் ஒருத்திதான்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்பிருந்தே அண்ணன் எனக்குப் பழக்கிவிட்டார். துண்டின் ஒரு முனையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுப்பார். "விட்டறாத கண்ணு. விட்டீன்னா கல்யாணம் நின்னுபோயிரும்" என்று பயமுறுத்துவார். நான் தூக்கத்தில்கூட போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். அம்மா தன் கல்யாணச் சேலையைப் பாதியாக மடித்து எனக்குக் கட்டிப் பார்த்தாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கூட்டத்தின் நடுவே நிற்க வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும் நிற்க வேண்டும் என்றுதான் ஆசை. வாழ்க்கையில் நான் கூட்டத்தின் நடுவே நிற்க ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் கிளம்பினோம். பெரியப்பா வீடும் நாங்களுமாக இருபது பேர். காங்கேயத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கியதும் செக்கு எண்ணெய் வாசம் குப்பென்று அடிக்கும். எனக்குக் குமட்டியது. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே இருக்கச் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் அண்ணன் மடியோரம் உட்கார்ந்தேன். எனக்கு முன்பல் ஒன்று ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ரோட்டின் குறுக்கே காளைகள் இறங்கிவிட்டன. டிரைவர் பிரேக் போட்டார். என் வாய் முன்சீட்டுக் கம்பியில் போய் மோதியது.

பல் என் உள்ளங்கையில் இருந்தது. புதுப் பாவாடையில் ரத்தம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "போச்சு, இனி சோளக்கருது திங்க ஆகாதே அம்மிணி!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து பெரியம்மா கத்தினாள். நலங்குக்கு அரைத்துக் கொண்டுவந்த மஞ்சள் தூக்குப்போசி உருண்டு, மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டி மேலேயே கொட்டிவிட்டது. "அய்யோ, நாளைக்குக் கட்டற வேட்டி! வேற வேட்டிக்கு எங்க போவேன்!"

தாராபுரத்தில் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. பெண் வீட்டார் அனுப்பிய வண்டிகள் அமராவதிக் கரையில் நின்றன. மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரம். பெரியம்மா வேட்டியைத் தூக்கிக்கொண்டு அய்யனிடம் வந்தாள். "எதாச்சும் பண்ணுங் கொழுந்தனாரே."

அய்யன் தன் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். கல்யாணம் முடிகிறவரை ஆண்பிள்ளைகளின் வெள்ளை வேட்டியெல்லாம் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று பட்டறையிலிருந்து பவுடர் கொண்டுவந்திருந்தார். "கொஞ்சம் பொறுங் நங்கை" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் வேட்டியை அமுக்கினார். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாக மாறியது. பெரியம்மா தலையிலடித்துக்கொண்டாள். "கெடுத்துப்போட்டீங்களே!" அய்யன் வேட்டியைப் புரட்டி மறுபடி அமுக்கினார். சிவப்பு மெல்ல ரோஸ் ஆனது, ரோஸ் கரைந்தது. கால் மணி நேரத்தில் வேட்டி வாங்கினதைவிட வெள்ளை. ஆற்றில் அலசி அய்யன் உதறியபோது, மாட்டு வண்டிக்காரர்கூட நின்று பார்த்தார்.

பெரியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வேட்டியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "வாயைத் தொற பாக்கலாம்."

திறந்தேன்.

"பல்லு விழுந்த புள்ளைய இணைச்சீருக்கு நிறுத்தக் கூடாது. ஊட்டுல ஒண்ணு கொறையும்பாங்க."

அம்மா பதறினாள். "இப்பத்தானுங்க்கா, பஸ்ஸுல வந்து..."

"விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சுங்..."

"அப்பறம் என்ன? என்ர மவ இருக்கறா. அவளும் அவனுக்குத் தங்கச்சி மொறைதான். அவ நிக்கட்டும்."

அம்மா அய்யனைப் பார்த்தாள். அய்யன் ஈர வேட்டியின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார். சம்பந்தம் பெரியப்பா கொண்டுவந்தது, எதிர்த்துப் பேசினால் என்ன ஆகுமோ என்று அவருக்கு. அம்மா அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியை வண்டிச் சக்கரத்தில் சாய்த்துவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா சொன்னா செரியாத்தான் இருக்கும்மா" என்றார். வகிடு கோணியிருந்தது போல, அழித்து மறுபடி சீவினார்.

நான் பல்லை ஆற்றில் எறிந்தேன். ராத்திரி சாப்பிடவில்லை. பயணக் களைப்பு என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

காலையில் பெண் வீட்டு உள்ளறையில் பெரியம்மா மகளுக்கு, பதினைந்து வயது அக்காவுக்கு, அலங்காரம் நடந்தது. பெட்டியிலிருந்து அரக்குக் கலரில் ஒரு புதுச்சேலை வந்தது. "கோயமுத்தூர்ல எடுத்தது. பெரிய கடை" என்று பெண் வீட்டுப் பெண்களிடம் பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கூடவே அதே கலரில் ரவிக்கை. அக்கா கையை நுழைத்ததும் அச்சாகப் பொருந்தியது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை.

நான் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பல் நேற்று மத்தியானம் வரை என் வாயில் இருந்தது. இந்த ரவிக்கையை எந்த டெய்லர் எப்போது தைத்தான்?

இன்னொன்றும் நடந்தது. சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் உள்ளே தலையை நீட்டினார். "மாப்பளைக்குக் கூடப்பொறந்த புள்ள இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங் சாமி. சின்னப் புள்ள, கூட்டத்தைக் கண்டா பயந்துக்குது. நிக்க மாட்டேன்னுருச்சு" என்றாள் பெரியம்மா.

பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர், "அப்படீங்களா" என்று போய்விட்டார். பக்கத்திலேயே நான் நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். பேச வராத பிள்ளை என்று தெரிந்துதான் அவள் என் முன்னாலேயே அப்படிச் சொன்னாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்குக் கல்யாண வயது. பெண் வீட்டுச் சொந்தத்தில் தோட்டம் துரவோடு மாப்பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை பேர் கண்ணிலும் மகள் பட வேண்டும், அதற்கு இணைச்சீரைவிட நல்ல இடம் ஏது? எங்கள் கிணற்றை எடுத்ததுபோல் என் இடத்தையும் எடுத்துக்கொண்டாள்.

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாளோ என்னவோ, பெரியம்மா ஒரு பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்தாள். அனுப்பர்பாளையத்துப் பித்தளை, கழுத்து நீண்டு, தலையில் சல்லடைக் கண். "வர்றவங்களுக்கெல்லாம் தெளி கண்ணு. இதும் பெரிய வேலைதான்."

தெளித்தேன். பந்தலில் ஒவ்வொருவராகப் போய்த் தெளித்தேன். செம்பு காலியானது. இரண்டாம் தடவை பன்னீர் ஊற்றிக்கொள்ள நான் சமையல் பக்கம் போகவில்லை. அய்யனின் பை தொங்கிய வேப்பமரத்தடிக்குப் போனேன்.

கொட்டாங்குச்சியில் பவுடரைக் கரைத்தேன். தெளியவிட்டேன். மேல் தண்ணீரை மட்டும் செம்புக்குள் ஊற்றினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். சலவைப் பட்டறைப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்?

இணைச்சீர் தொடங்கியிருந்தது. அண்ணன் வெள்ளை வேட்டியில் நின்றார். அக்கா கூறைச்சேலை முனையைப் பிடித்து நின்றாள். பின்னால் பெரியம்மா. நான் முதுகுப் பக்கமாகப் போய் அக்கா சேலையில் தெளித்தேன். பெரியம்மாளுக்கு இரண்டு தரம் கூடவே தெளித்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "போதும் அம்மிணி, நல்ல புள்ள" என்றாள். பவுடர் நெடியை அண்ணன் வேட்டியின் நெடி என்று நினைத்திருப்பாள்.

அருமைக்காரர் மந்திரம்போல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அரக்கு முதலில் செங்கல் நிறமானது. பிறகு ஆரஞ்சு. பிறகு கஞ்சித்தண்ணி நிறத்தில் புள்ளி புள்ளியாக முதுகெங்கும் பூத்தது. பெண் வீட்டுப் பக்கம் முதலில் ஒரு குசுகுசுப்பு. அப்புறம் ஒரு கிழவி சத்தமாகவே கேட்டாள்.

"ஏனுங், இந்தச் சேலை எந்த ஊருச் சந்தையிலீங் எடுத்தது? பன்னீர் பட்டதுக்கே சாயம் போகுது!"

"சேலை மட்டுமா, சம்பந்தியம்மா முதுகையும் பாருங்" என்றாள் இன்னொருத்தி. பந்தலே சிரித்தது. பெரியம்மா முகம் போன போக்கை நான் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மனசு ஆறும்.

ஆனால் ஒரு துளி கூறைச்சேலையிலும் விழுந்திருந்தது. சிவப்பில் கடுகளவு வெள்ளை. பெண்ணின் அம்மா அதைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோனது. தாலி கட்டும் சேலையில் குறை. பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அய்யன் வந்தார். அவர் மூக்குக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கினார். மோந்து பார்க்கக்கூட இல்லை. பந்தல்காலுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு முன்னால் போனார்.

"தப்பு என்னுதுங். என்ர பையில பவுடர் டப்பா இருந்துச்சுங். பன்னீரு வெச்ச எடத்துல கொட்டிருச்சாட்டம் இருக்குது. மன்னிச்சுப்போடோணுங்."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்ணின் அப்பாவைக் கும்பிட்டார். பிறகு பெரியம்மாளையும் கும்பிட்டார். அவள் விடவில்லை. "பட்டறைக்காரரைக் கூட்டிட்டு வந்தா பட்டறை நாத்தமும் கூட வரத்தான் செய்யும்" என்றாள். இந்தத் தடவை பந்தல் அய்யனைப் பார்த்துச் சிரித்தது.

அய்யன் வெளுத்துக் கொடுத்த வேட்டியில்தான் அண்ணன் நின்றார். மாலைக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். "என்ர அய்யனை எதுக்குச் சிரிக்கறீங்?" என்று கேட்கவில்லை. அருமைக்காரர்தான், "கடுகளவு புள்ளி, உள்மடிப்புல போயிருமுங்" என்று சமாதானம் செய்து தாலி கட்டவைத்தார்.

பந்தி முடிந்ததும் அய்யன் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். அடிப்பார் என்று நினைத்தேன். என் விரல்களைத் தண்ணீருக்குள் பிடித்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். "எரியுதா அம்மிணி?" என்று கேட்டார். எரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். "வெறுங்கையில பவுடரைத் தொடாத" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மறுநாள் பெண்ணோடு திரும்பினோம். பஸ்ஸில் புதுப்பெண், இனி எனக்கு நங்கை, ஜன்னலோரம், பக்கத்தில் அண்ணன், பின்சீட்டில் அய்யனும் நானும். காங்கேயம் வரும்போது புதுப்பெண்ணுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அண்ணனிடம் கேட்டாள். "உங்க தங்கச்சிதான் பெரியவங்களோட ஊருக்குப் போயிட்டாங்களே. இந்தப் புள்ள யாருங்?"

அவள்மேல் தப்பில்லை. இணைச்சீருக்கு நின்றவளைத்தானே கூடப்பிறந்தவள் என்று நினைப்பாள்? ஒரே வார்த்தையில் அண்ணன் சரிசெய்திருக்கலாம். செய்தால், அப்புறம் ஏன் இவள் நிற்கவில்லை, ஏன் அவள் நின்றாள், சேலையில் புள்ளி எப்படி வந்தது என்று கேள்வி நீளும். அண்ணன் சீப்பை எடுத்தார்.

"அது நம்மூட்டுப் புள்ளதான்" என்றார்.

அய்யன் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை ஒரு தடவை இறுகியது. நங்கைக்கு உண்மை தெரிய நாலைந்து நாளானது. தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பூ வைத்துவிட்டாள். நல்ல மனுசி.

அந்த அரக்குச் சேலைப் பேச்சு அந்தப் பக்கம் ரெண்டு வருசம் ஓடியதாம். அக்காவுக்குத் தோட்டத்து மாப்பிள்ளை அமையவில்லை, எங்கேயோ தூரத்தில் கொடுத்தார்கள். அக்காவை நினைத்தால் பாவமாக இருக்கும். பெரியம்மா முகத்தை நினைத்தால் பாவம் போய்விடும்.

அண்ணன் பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தார். பெரிய வீடு கட்டினார். காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் முதல் அழைப்பு அக்காவுக்குப் போகும். முறை அதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு மூன்றாவதோ நாலாவதோ. நான் எல்லாவற்றுக்கும் போவேன். மொய் எழுதுவேன். அவர் வீட்டில் கை மட்டும் நனைக்க மாட்டேன். "விரதமுங்" என்பேன். ஐம்பது வருசத்தில் அண்ணன் ஒரு தடவைகூட என்ன விரதம் என்று கேட்டதில்லை. பெரியம்மாளை வெறுக்க எனக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணனைத்தான் வெறுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பாதி வயது போயிற்று.

போன வருசம் சொல்லியனுப்பினார். படுக்கையில் இருந்தார். சுருட்டை முடியெல்லாம் போய்விட்டது. நங்கை எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வெளியே போனாள்.

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு ஆத்தங்கரையில நான் பேசியிருக்கோணும் கண்ணு."

"ஆமாங்ணா" என்றேன்.

"பந்தல்ல அய்யனுக்காவது பேசியிருக்கோணும்."

"ஆமாங்ணா. பேசியிருக்கோணும்."

"பஸ்ஸுலயும்..."

"ஆமாங்."

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று எனக்குத் தெரியும். "பரவால்லீங்ணா" என்று ஒரு சொல். அது போதும் அவருக்கு. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தத் தடவை பயத்தால் அல்ல, வெட்கத்தால் அல்ல, சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்ணா" என்று எழுந்தேன்.

மூன்று வாரத்தில் அண்ணன் போய்விட்டார். கடைசிவரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று நங்கை சொல்லி அழுதாள். சொல்லியிருக்கலாமே, மனசில் பாரமாக இல்லையா என்று என் மருமகள் கேட்கிறாள். இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.